ஒரே ‘கிஃப்ட்’: லண்டனில் பரிசு, டோர்ட்முண்டில் நஞ்சு, ஒஸ்லோவில் திருமணம்

லண்டனில் வளரும் பிள்ளைக்கு ‘கிஃப்ட்’ என்றால் பிறந்தநாள் பரிசு. அதன் பெரியம்மா மகன் ஜெர்மனியின் டோர்ட்முண்டில் வளர்ந்தால் அவனுக்கு அது எலிக்கு வைக்கும் நஞ்சு. ஒஸ்லோவில் இருக்கும் சித்தப்பா, அரசுப் படிவத்தில் ‘மணமானவர்’ என்று குறிக்க, அதே நான்கு எழுத்துகளுக்குப் பக்கத்தில்தான் கோடு போடுகிறார். ஆங்கிலம், ஜெர்மன், நார்வேஜியன் மூன்றும் ஜெர்மானியக் குடும்பத்து மொழிகள். மூன்றிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றே. பொருள்தான் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கிறது.

இது தற்செயலாக நேர்ந்த ஒற்றுமை அல்ல. மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆனால் இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கங்கள் இரண்டும் தவறு. ‘பரிசுக்குள் நஞ்சு ஒளிந்திருக்கும் என்று முன்னோர் அஞ்சினார்கள்’ என்பது ஒன்று. ‘திருமணமே நஞ்சு என்று ஸ்காண்டிநேவியர்கள் கருதினார்கள்’ என்பது மற்றொன்று. சொல் நடந்து வந்த வழியைப் பார்த்தால் இரண்டுக்கும் அதில் இடமே இல்லை.

முதலில் மூன்று கருத்துகள்

1. உறவுச்சொற்கள். ஒரே மூலச்சொல்லிலிருந்து பல மொழிகளில் பிரிந்த சொற்கள் இவை. தமிழில் ‘பல்’, கன்னடத்தில் ‘ஹல்லு’. ஒலி மாறினாலும் உறவு தெரிகிறது.

2. போலி நண்பர்கள். கேட்டால் தெரிந்த சொல்போல இருக்கும், ஆனால் பொருள் வேறு. மலையாளத்தில் ‘வெள்ளம்’ குடிக்கும் தண்ணீர். தமிழில் அது ஊரை அடித்துப் போவது. உறவுச்சொற்களே போலி நண்பர்களாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

3. பொருள் கடன். பிறமொழிச் சொல்லின் ஒலியை விட்டுவிட்டு, அதன் பொருளை மட்டும் எடுத்து, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சொல்லின் மேல் ஏற்றுவது. ஆங்கில ‘ஸ்டார்’ திரைப்பட நடிகரைக் குறித்ததால், வானத்து ‘நட்சத்திரம்’ தமிழில் நடிகரையும் குறிக்கத் தொடங்கியது. ‘கிஃப்ட்’ நஞ்சானதன் திறவுகோல் இந்த மூன்றாவது கருத்தில் இருக்கிறது.

வேர்: கொடு

எல்லா ஜெர்மானிய மொழிகளுக்கும் தாயான, எழுத்தில் கிடைக்காத, ஒப்பீட்டின் வழியே மீட்டெடுக்கப்பட்ட மொழியை மூல ஜெர்மானியம் என்கிறார்கள். அதில் ‘கெப்’ என்ற வேருக்குக் ‘கொடு’ என்று பொருள். ஆங்கிலத்தின் ‘கிவ்’, ஜெர்மனின் ‘கேபன்’ எல்லாம் அதன் வழி வந்தவை.

வினையிலிருந்து பெயர்ச்சொல் ஆக்க அந்த மொழியில் ‘தி’ என்றொரு விகுதி இருந்தது. அது சேரும்போது அதற்கு முந்தைய இதழொலி ஃப் ஆகிவிடும். இன்றைய ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அந்தத் தடம் அழியாமல் இருக்கிறது: ‘டிரைவ்’ என்ற வினைக்கு ‘டிரிஃப்ட்’, ‘ஷ்ரைபன்’ (எழுது) என்ற வினைக்கு ‘ஷ்ரிஃப்ட்’ (எழுத்து). அதே அச்சில் ‘கொடு’ என்பதற்கு ‘கிஃப்ட்’. தமிழில் ‘கொடை’ உருவானதுபோல என்று கொள்ளலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘கொடுத்தல்’ என்பதற்கு மேல் இந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை. எதைக் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, நல்லதற்கா கெட்டதற்கா என்ற கேள்விகளுக்கு அதனிடம் விடை இல்லை. அந்த வெற்றிடத்தை ஒவ்வொரு மொழியும் தன் சூழலுக்கு ஏற்ப நிரப்பிக்கொண்டது. இங்கிலாந்து பொருளைக் கொடுத்தது, ஸ்காண்டிநேவிய நாடுகள் பெண்ணைக் கொடுத்தன, ஜெர்மனி மருந்தைக் கொடுத்தது.

பெண் கொடுத்தல்

தமிழ் வாசகருக்கு இந்தப் பகுதி எளிது. ‘அந்த ஊரில் பெண் கொடுத்திருக்கிறோம்’ என்றால் என்ன கொடுத்தோம் என்று யாரும் கேட்பதில்லை.

ஜெர்மானிய மொழிகளில் விரிவான பனுவலாக நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது, 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா செய்த கோதிக் மொழி விவிலிய மொழிபெயர்ப்பு. அதன் புகழ்பெற்ற கைப்படி இன்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. லூக்கா நற்செய்தியில் மரியாள் யோசேப்புக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தாள் என்று வரும் இடத்தில் ‘ஃப்ரகிஃப்ட்ஸ்’ என்ற சொல்லின் வடிவம் ஆளப்பட்டிருக்கிறது. ‘கிஃப்ட்’டுக்கு முன்னால் ஒரு முன்னொட்டு, அவ்வளவுதான்.

பழைய ஆங்கிலத்திலும் இதே கதைதான். அங்கே ‘யிஃப்ட்’ என்றால் மணமகளுக்காகத் தரப்பட்ட விலை; அதன் பன்மை வடிவம் திருமணத்தையே குறித்தது. சாதாரணப் பரிசுக்கு வேறு சொல் இருந்தது. ஆக, ‘பரிசு என்ற நல்ல பொருள் மற்ற மொழிகளில் கெட்டுப்போனது’ என்று ஆங்கிலத்தை அளவுகோலாக வைத்துப் பேசுவது சரியல்ல. ஆங்கிலத்திலும் பொருள் மாறித்தான் இருக்கிறது.

வடக்கில், இன்றைய ஸ்காண்டிநேவிய மொழிகளின் தாயான பழைய நார்ஸ் மொழியில், ‘கிப்டா’ என்ற வினைக்குப் பெண்ணை மணம் செய்து கொடுத்தல் என்று பொருள். அதே ஒலியுள்ள பெயர்ச்சொல்லுக்கு நற்பேறு என்று பொருள். தமிழில் இதற்கு நேர் நிகரான ஒரு சொல் உண்டு. ‘கொள்வினை கொடுப்பினை’ என்னும்போது ‘கொடுப்பினை’ பெண் கொடுத்து உறவு கொள்வது. ‘அதற்கெல்லாம் ஒரு கொடுப்பினை வேண்டும்’ என்னும்போது அதே சொல் நற்பேறு. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ‘கொடு’ என்ற வேரிலிருந்து அதே இரண்டு இடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இந்தப் பொருள் நகர்வு எவ்வளவு இயல்பானது என்பதற்கு இது போதும்.

சுவீடனில் இது சட்டச்சொல்லாகவே வேரூன்றியது. பெண்ணை மணம் செய்து கொடுக்கும் உரிமை பெற்ற காப்பாளருக்கு ‘யிஃப்டொமான்’ என்று பெயர். 1734ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் திருமணப் பகுதிக்குத் தலைப்பிலேயே இந்த வேர் இருக்கிறது. கொடுப்பவர் என்ற ஆள் காலப்போக்கில் காணாமல் போனார், சொல் தங்கிவிட்டது. இன்று சுவீடனில் ஆணும் பெண்ணும் ‘யிஃப்டா சேய்’ என்கிறார்கள். எழுத்துப்படி பார்த்தால் ‘தன்னையே மணம் செய்து கொடுத்தல்’. 1987ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்திலும் கணவன் மனைவிக்கிடையே பங்கிடப்பட வேண்டிய சொத்து ‘யிஃப்டொரெட்ஸ்கூட்ஸ்’ என்றே குறிக்கப்படுகிறது. அதில் நஞ்சின் வாடை துளியும் இல்லை.

ஆங்கிலத்தின் ‘க’ எங்கிருந்து வந்தது?

பழைய ஆங்கிலத்தில் இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் ‘க’ ஒலி ‘ய’ ஆகிவிட்டது. ஜெர்மனில் ‘கெல்ப்’ என்றால் மஞ்சள், ஆங்கிலத்தில் ‘யெல்லோ’. ஜெர்மனில் ‘கெஸ்டர்ன்’ என்றால் நேற்று, ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே’. இந்த விதிப்படி இன்று லண்டன்காரர்கள் ‘யிஃப்ட்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் அப்படித்தான் எழுதினார்.

வைக்கிங் குடியேற்றத்தால் நார்ஸ் பேச்சு வேரூன்றிய வடக்கு, கிழக்கு இங்கிலாந்தில் ‘க’ ஒலியுள்ள வடிவம் வழங்கியது. அது மெல்லத் தெற்கே இறங்கி உள்ளூர் வடிவத்தை அப்புறப்படுத்தியது. ‘கிவ்’ என்ற வினையின் ‘க’ ஒலியும் இப்படி வந்ததே. முட்டைக்கான சொல்லிலும் இதே மோதல் நடந்தது: 1490இல் அச்சாளர் வில்லியம் கேக்ஸ்டன், ‘எக்’ என்ற வடக்கு வடிவத்தைச் சொல்லி முட்டை கேட்ட வணிகரிடம், எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று தென்பகுதிப் பெண் ஒருவர் சொன்னதாகப் பதிவு செய்திருக்கிறார்.

நஞ்சு எப்படி வந்தது?

இன்றைய ஜெர்மனின் மிகப் பழைய வடிவமான பழைய உயர் ஜெர்மனில் ‘கிஃப்ட்’ என்றால் கொடுத்தல், கொடை. அந்தப் பொருளில் அது பெண்பால் சொல். பிறகு மருத்துவம் குறுக்கிட்டது.

கிரேக்க மருத்துவத்தில், ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவுக்கு ‘தோசிஸ்’ என்று பெயர். அதன் நேர்ப்பொருளும் ‘கொடுத்தல்’தான். லத்தீன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. தமிழர் அன்றாடம் சொல்லும் ‘டோஸ்’ அதன் பேரப்பிள்ளை. லத்தீன் மருத்துவச் சுவடிகளைப் படித்த ஜெர்மன் நாட்டுக் கற்றவர்கள், ‘தோசிஸ்’ என்றால் கொடுத்தல், நம் மொழியில் கொடுத்தலுக்குக் ‘கிஃப்ட்’ என்று பொருளை ஏற்றினார்கள். மேலே மூன்றாவதாகச் சொன்ன பொருள் கடன் இதுதான்.

‘கொடுக்கப்பட்ட மருந்து’ எப்படிக் ‘கொல்லும் மருந்து’ ஆகும் என்று தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. நாம் பூச்சிக்கொல்லியைப் ‘பூச்சி மருந்து’ என்கிறோம். ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்று கிராமத்தில் யாராவது பதறி ஓடிவந்தால், அது இருமல் மருந்து அல்ல என்று கேட்பவருக்கு உடனே தெரியும். ‘மருந்து வைத்துவிட்டார்கள்’ என்பதும் அப்படியே. கொடிய ஒன்றை நேராகப் பெயரிட மனம் கூசும்போது பொதுவான சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம். இதை இடக்கரடக்கல், மங்கலம் என்று நம் இலக்கணம் வகைப்படுத்தி வைத்திருக்கிறது. ஜெர்மானியர்கள் செய்ததும் அதுவே. அவர்களிடமே இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு: இன்று ‘மன்னித்தல்’ என்ற பொருளில் வழங்கும் ‘ஃபெர்கேபன்’ என்ற வினை, இடைக்கால ஜெர்மனில் ‘நஞ்சு கொடுத்தல்’ என்ற பொருளையும் தாங்கியிருந்தது. அதற்கும் வேர் ‘கொடு’தான்.

நஞ்சு என்ற பொருள் வலுத்ததும் பழைய பொருள் ஒதுங்கியது. பால் வேறுபாடு அதற்கு உதவியது. நஞ்சைக் குறிக்கும் ‘கிஃப்ட்’ அஃறிணைப் பாலுக்கு மாறிவிட்டது. பழைய பெண்பால் வடிவம் ஒரே ஒரு கூட்டுச்சொல்லில் பத்திரமாக இருக்கிறது: ‘மிட்கிஃப்ட்’, மணப்பெண்ணுடன் கொடுத்தனுப்பும் சீர். இன்றைய ஜெர்மானியர் காதுக்கு அதில் நஞ்சு கேட்கலாம். வரலாற்றில் அது வெறும் ‘உடன் கொடுத்தது’.

1538இல் மருத்துவர் பாராசெல்சஸ் ஜெர்மனில் எழுதிய ஒரு வரி இங்கே தவிர்க்க முடியாதது. எல்லாப் பொருளும் ‘கிஃப்ட்’தான், ‘கிஃப்ட்’ இல்லாதது எதுவுமில்லை. ‘தோசிஸ்’ மட்டுமே ஒரு பொருளைக் ‘கிஃப்ட்’ ஆகாமல் செய்கிறது என்பது அதன் சாரம். நச்சியல் துறையின் அடித்தளமாக மேற்கோள் காட்டப்படும் இந்த வரியில், கிரேக்கச் சொல்லும் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் நேருக்கு நேர் நிற்கின்றன. இரண்டுக்கும் ‘கொடுத்தது’ என்றே பிறப்புப் பொருள். ஒன்று அளவாக நின்றது, மற்றது நஞ்சாகிவிட்டது.

டச்சு மொழி இந்த வரலாற்றை இன்னும் கையில் வைத்திருக்கிறது. அங்கே ‘கிஃப்’ நஞ்சு. கடைசி எழுத்துடன் ‘கிஃப்ட்’ என்றால் நன்கொடை. வருமான வரியில் கழிக்கத்தக்க நன்கொடைகள் இந்தப் பெயரில்தான் வரும். உழவர்கள் பேச்சில் மூன்றாவது பொருளும் உண்டு: ‘மெஸ்ட்கிஃப்ட்’ என்றால் வயலுக்கு ஒருமுறை இடும் எருவின் அளவு, ‘மெல்க்கிஃப்ட்’ என்றால் மாடு கொடுக்கும் பாலின் அளவு. ‘தோசிஸ்’ என்ற அளவுப் பொருள் மருத்துவமனையில் நஞ்சாகிப்போனாலும் தொழுவத்தில் பிழைத்திருக்கிறது.

பரிசுக்கும் நஞ்சுக்கும் ஆழ்ந்த உறவு உண்டு என்ற கருத்துக்கு மதிப்புமிக்க ஆதரவாளர் ஒருவர் இருந்தார்: பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ். 1924இல் இந்த ஒரு சொல்லை வைத்தே அவர் ஒரு குறுங்கட்டுரை எழுதினார். கொடை பெறுபவரைக் கடனில் பிணைக்கிறது என்ற அவரது பார்வை சமூகவியலில் வலுவானது. ஆனால் சொல்லின் வரலாறாக அதை எடுத்துக்கொண்டால் நிற்காது. மருத்துவச் சொல் வந்த வழி தெளிவாக இருக்கும்போது அச்சத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

வடக்கே போன நஞ்சு

சுவீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் மூன்றிலும் ‘மணமான’ என்ற பொருளும் ‘நஞ்சு’ என்ற பொருளும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கின்றன. முதலாவது வீட்டுச்சொல். இரண்டாவது விருந்தாளி: இடைக்காலத்தில் லூபெக், விஸ்பி, பெர்கன் துறைமுகங்களில் கோலோச்சிய ஹான்சா என்ற வணிகக் கூட்டமைப்பினர் பேசிய, வட ஜெர்மனியின் தாழ்நில ஜெர்மன் வழியே ஸ்காண்டிநேவிய மொழிகளுக்குள் சொற்கள் கூட்டங்கூட்டமாக நுழைந்தன. அந்தக் கூட்டத்தில் நஞ்சும் வந்தது. ஒரே தாய்க்குப் பிறந்த இருவர், ஒருவர் ஊரிலேயே இருக்க, மற்றவர் வெளிநாடு போய்த் தொழில் மாற்றித் திரும்பி வந்ததுபோல. எனவே திருமணத்தை நஞ்சென்று யாரும் எண்ணியதால் இந்த ஒற்றுமை வரவில்லை.

புதியவர் வந்ததும் பழையவர் இடத்தை இழந்தார். நஞ்சுக்கு நார்ஸ் மொழியின் சொந்தச் சொல் ‘எய்த்ர்’. அதன் உறவுகள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கின்றன:

1. ஜெர்மனில் ‘ஐட்டர்’, டச்சில் ‘எட்டர்’: இரண்டும் இன்று புண்ணில் வடியும் சீழ்.
2. டேனிஷில் சிலந்திக்கு ‘எடர்கொப்’ என்று பெயர். அதன் முதல் பாதி நஞ்சு.
3. ஆங்கிலத்தில் சிலந்தியின் பழைய பெயர் ‘அட்டர்காப்’. ‘அட்டர்’ வழக்கொழிந்தது, சிலந்திவலையைச் சொல்லும் ‘காப்வெப்’ என்பதில் மறுபாதி மிஞ்சியது.
4. ஐஸ்லாந்திக்கில் ‘எய்துர்’ இன்றும் நஞ்சு. ஜெர்மன் விருந்தாளியை அந்தத் தீவு ஏற்கவில்லை. அதனால் அங்கே ‘கிஃப்ட்’ என்றால் மணமான பெண் என்பதோடு சரி, குழப்பமே இல்லை.

இடம் மாறிய இரண்டு சொற்கள்

ஆங்கிலத்தில் நஞ்சுக்குப் ‘பாய்சன்’ என்கிறார்கள். அது பிரெஞ்சு வழியே லத்தீனிலிருந்து வந்தது; மூலப்பொருள் ‘குடிப்பது, பானம்’. ஜெர்மனில் பரிசுக்குக் ‘கெஷெங்க்’ என்கிறார்கள். அதன் வினையான ‘ஷெங்கன்’ முதலில் பானம் ஊற்றித் தருவதைக் குறித்தது. ‘ஐன்ஷெங்கன்’ என்றால் இன்றும் கோப்பையில் ஊற்றுவதுதான். ஆக, ஆங்கிலத்தில் கொடுத்தது பரிசாகி, குடித்தது நஞ்சானது. ஜெர்மனில் குடிக்கத் தந்தது பரிசாகி, கொடுத்தது நஞ்சானது. நான்கு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் இந்த ஒழுங்கு, மொழி வரலாற்றில் அபூர்வமாகக் காணக் கிடைப்பது.

எங்கே தவறு நடக்கிறது, எப்படித் தவிர்ப்பது?

படிவம் நிரப்புபவருக்கும், மொழிபெயர்ப்பவருக்கும், வீட்டில் துப்புரவுத் திரவம் வாங்குபவருக்கும் இவை உதவும்.

1. ஜெர்மனில் குழப்பத்துக்கு இடமில்லை: தனித்து நிற்கும் ‘கிஃப்ட்’ எப்போதும் நஞ்சு. ‘கேகன்கிஃப்ட்’ என்றால் முறிமருந்து. ‘அதன்மேல் நீ கிஃப்ட் எடுக்கலாம்’ என்று ஒருவர் சொன்னால், ‘சத்தியமாக நம்பலாம்’ என்று பொருள். பரிசுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

2. சுவீடிஷில் இலக்கணம்தான் துணை. முன்னால் ‘எட்’ (ஒரு) என்ற சொல் வந்து, பின்னால் வேறு பெயர்ச்சொல் தொடராவிட்டால், அல்லது சொல் ‘யிஃப்டெட்’ என்று முடிந்தால், நஞ்சு. பின்னால் ‘மேத்’ (உடன்) என்ற சொல்லும் ஒருவர் பெயரும் வந்தால், இன்னாரை மணந்தவர். உச்சரிப்பை நம்ப வேண்டாம், இரண்டுமே ‘யிஃப்ட்’தான்.

3. எதிர்மறை வடிவங்களில் கூடுதல் கவனம் தேவை. சுவீடிஷில் ‘ஊயிஃப்ட்’ என்றால் மணமாகாதவர். ‘ஊயிஃப்டிக்’ என்றால் நஞ்சற்றது. வேறுபாடு கடைசி இரண்டு எழுத்துகளில் மட்டும். டேனிஷிலும் நார்வேஜியனிலும் இதே அமைப்பு. வாக்கியமின்றி ஒற்றைச் சொல்லாக வரும் படிவத் தலைப்புகளையும் பொருள் ஒட்டிகளையும் எந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் தவறு நேர்வது இங்கேதான், ஏனென்றால் பொருளைத் தீர்மானிக்க அதற்குச் சுற்றுச்சொற்கள் கிடைப்பதில்லை. முழு வரியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

4. டச்சில் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஆனால் உரிச்சொல்லாகக் ‘கிஃப்டிக்’ என்று வந்தால் அந்த எழுத்து இருந்தும் பொருள் ‘நஞ்சுள்ள’தான். தாராளமாகக் கொடுப்பவர் என்று அதற்கு ஒருபோதும் பொருள் இல்லை.

5. டென்மார்க்கில் நஞ்சு உட்கொண்டவர்களுக்கான உதவித் தொலைபேசிக்கு ‘கிஃப்ட்லினியன்’ என்று பெயர். அதைப் பரிசுத் திட்டம் என்றோ திருமணச் சேவை என்றோ எண்ணிக் கடந்து போய்விடக் கூடாது.

6. வேதிப்பொருள் ஒட்டிகளில் சொல்லைவிடக் குறியீட்டை நம்புங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1272/2008 எண் ஒழுங்குமுறைப்படி, ‘எச்301’ என்றால் விழுங்கினால் நச்சு. ஜெர்மன், டச்சு, சுவீடிஷ், டேனிஷ் ஒட்டிகள் நான்கிலும் அந்த வரி ‘கிஃப்ட்’ வேருள்ள சொல்லில்தான் தொடங்கும். அதைவிடக் கொடியது ‘எச்300’, விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அங்கே ஜெர்மன் வரி ‘உயிராபத்து’ என்று வேறு சொல்லுக்கு மாறிவிடுகிறது. டச்சும் சுவீடிஷும் ‘சாவு’ என்ற வேருள்ள சொல்லைப் போடுகின்றன. ஒட்டியில் ‘கிஃப்ட்’ என்ற எழுத்துகள் இல்லை என்பதால் பாட்டிலைப் பாதுகாப்பானது என்று முடிவு செய்யக் கூடாது. மண்டையோட்டுப் படமும் எச் எண்ணும் எல்லா மொழியிலும் ஒன்றே; முதலில் பார்க்க வேண்டியவை அவைதான்.